சூரியன் மறையும் வரை கதவைத் திறந்து வையுங்கள்

படகுத்துறையை நிர்வகிக்கும் குழுவினருக்கு,

வணக்கம். மாலை 6 மணிக்குக் கதவைச் சாத்தும் விதியைப் பற்றி உங்களுக்குப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. நானே இரண்டு முறை புகார்ப் புத்தகத்தில் எழுதிவிட்டு வந்தேன். பதில் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்குப் பிறகு, எல்லோரும் படிக்கும்படி எழுதுவதுதான் சரி என்று தோன்றியது.

என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. வாக்கர் பிடித்துத்தான் நடப்பார். டிக்கெட் கொடுக்கும் இடத்திலிருந்து துறையின் மேற்கு முனைக்கு நீங்களும் நானும் சில நிமிடங்களில் போய்விடுவோம். அவருக்கு 25 நிமிடம் ஆனது. வாக்கரைத் தூக்கி வைக்க வேண்டும், வலது காலை எடுத்து வைக்க வேண்டும், இடது காலை இழுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பலகைக்கும் இதே கதைதான். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். "போதும்ப்பா, இங்கிருந்தே பார்க்கலாம்" என்றேன். "முனைக்குப் போயிடலாம்" என்றார்.

போய்ச் சேர்ந்து, கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு நிமிர்ந்தார். அக்கரை மரங்களுக்கு மேலே சூரியன் மூன்று விரல் உயரத்தில் நின்றது. காற்று அடங்கிவிட்டது. கட்டிப்போட்ட படகுகளின் கயிறுகூட அசையவில்லை. அந்த நேரத்தில்தான் விசில் சத்தம். மணி 6. சூரியன் மறைய இன்னும் 20 நிமிடம் இருந்தது.

அவசரமாகத் திரும்பும்போது வாக்கரின் முன்கால் பலகை இடுக்கில் சிக்கிக்கொண்டது. அப்பா தடுமாறி முன்னால் சரிந்தார். விசில் ஊதிய காவலர்தான் ஓடிவந்து தாங்கிப் பிடித்தார். அவர்மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. அவருக்குச் சொன்ன வேலையை அவர் செய்தார். வண்டியில் ஏறியதும் அப்பா, "இன்னொரு நாள் சீக்கிரமா வரலாம்" என்றார். எவ்வளவு சீக்கிரம் வந்தாலும் சூரியன் அதன் நேரத்துக்குத்தான் மறையும். அதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நுழைவாயிலில் 'சூரிய அஸ்தமனக் காட்சிமுனை' என்று நீங்கள்தான் பலகை வைத்திருக்கிறீர்கள். டிக்கெட்டிலும் அதே படம்தான். ஆனால் அஸ்தமனம் எங்கேயும் வருடம் முழுக்க ஒரே மணிக்கு நிகழ்வதில்லை. நிலநடுக்கோட்டிலேயே அது ஒரு வருடத்துக்குள் ஏறத்தாழ அரை மணி நேரம் முன்பின்னாக நகர்கிறது. அங்கிருந்து தள்ளிப் போகப் போக வித்தியாசம் இன்னும் கூடும். அப்படியிருக்க, 6 மணி என்ற ஒரே பூட்டு எல்லா மாதத்துக்கும் எப்படிப் பொருந்தும்?

இருட்டில் யாராவது ஆற்றில் தவறி விழுந்துவிடக் கூடாதே என்பது உங்கள் கவலை என்று கேள்விப்பட்டேன். நியாயமான கவலைதான். ஆனால் சூரியன் மறைந்த நிமிடமே இருட்டிவிடாது. அது அடிவானத்துக்குக் கீழே 6 பாகை இறங்கும் வரை, வானம் தெளிவாக இருந்தால், விளக்கில்லாமலே கால் வைக்கும் இடம் தெரியும். பூமியில் எந்த இடத்திலும் இந்த அந்தி வெளிச்சம் 20 நிமிடத்துக்குக் குறையாது. மிக நல்ல காட்சி வருவதும் பல நாட்களில் அப்போதுதான். தரைக்கு வெயில் நின்ற பிறகும் உயரத்து மேகங்களுக்குக் கீழிருந்து வெளிச்சம் படும். சாம்பலாக இருந்த மேகம் செம்பாகும், அது அப்படியே தண்ணீரில் இறங்கும். அப்புறம் கிழக்கே திரும்பினால் அடிவானத்தை ஒட்டி நீலச்சாம்பல் பட்டை ஒன்று எழுவது தெரியும். அது பூமியின் நிழல். அதற்கு மேலே வெளிர் ரோஜா நிறம். அப்பா இதையெல்லாம் எனக்குச் சிறு வயதில் கைகாட்டிச் சொல்லிக் கொடுத்தவர். அவருக்கு அதைக் காட்ட என்னால் முடியவில்லை.

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். புதிதாகப் போட்ட பெஞ்சுகள் ஏன் ஆற்றுக்கு முதுகு காட்டி நிற்கின்றன? வெளிச்சம் போகும் முன்பே கண்ணில் அடிக்கிற வெள்ளை ஃபோகஸ் விளக்குகள் எதற்கு? அந்த விளக்கைக் கொஞ்சம் தாழ்த்தி, நடக்கிற பலகைமேல் படும்படி திருப்பியிருந்தால் அப்பாவின் வாக்கர் சிக்கிய இடுக்கு எங்கள் கண்ணில் பட்டிருக்கும். ஆற்றைப் பார்க்க வருகிறவர்களுக்காகக் கட்டிய இடத்தில், முடிவெடுக்கிறவர்கள் ஒரு நாள் மாலையாவது வந்து நின்று பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். நான் கேட்க வந்தது ஒன்றுதான். அன்றன்று சூரியன் மறையும் நேரத்திலிருந்து 30 நிமிடம் கழித்துக் கதவைச் சாத்துங்கள். ஒரு வருடத்துக்கான அஸ்தமன நேரம் முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருப்பதுதான், நாட்காட்டியிலேயே கிடைக்கும். காவலருக்கு அந்தக் கூடுதல் நேரத்துக்குரிய சம்பளத்தைக் கொடுங்கள். நுழைவுக் கட்டணத்தைச் சற்று உயர்த்தினாலும் நான் மறுக்க மாட்டேன்.

எனக்குத் தனியாகப் பதில் கடிதம் வேண்டாம். வாயிலில் 'மாலை 6 வரை' என்று இருப்பதை அழித்துவிட்டு அன்றைய நேரத்தைச் சாக்பீஸால் எழுதி வைத்தால் போதும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவை அழைத்துக்கொண்டு வருகிறேன். வந்ததும் முதலில் அந்தப் பலகையைத்தான் பார்ப்பேன்.

இப்படிக்கு,
துறைக்கு அடிக்கடி வரும் ஒரு மகள்