மாமரத்தின் அடி தெரியட்டும்

திருச்சி,
ஆடி 6

அன்புள்ள தம்பிக்கு,

மழைக்கு முன்னால் மரங்களை மொட்டை அடித்துவிடலாமா, கொல்லை முழுக்க சிமெண்ட் தளம் போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். இரண்டும் வேண்டாம்ப்பா. முதலில் மாமரத்தின் அடியைப் போய்ப் பார்.

நாகப்பட்டினத்தில் தார் போடப் போடத் தெரு உயர்கிறது. தண்ணீர் உள்ளே வருகிறது என்று வீட்டுக்கு வீடு மணலும் கிராவலும் இடித்த செங்கலும் கொட்டி மனையை உயர்த்துகிறார்கள். நம் கொல்லையும் ஒன்றரை அடி ஏறிவிட்டது. மரம் பழைய மட்டத்திலேயே நிற்கிறது. மண்ணைத் தொடும் இடத்தில் அடிமரம் யானைக்கால் போல அகன்று, வேர்கள் பிரிந்து போவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். மின்கம்பம் நட்டது மாதிரி நேராக மண்ணுக்குள் இறங்கினால் அடி புதைந்துவிட்டது. அடிமரத்துப் பட்டை காற்றில் காய்ந்து பழகியது. வேர்ப்பட்டை போல ஈரத்தைத் தாங்காது. வருஷம் முழுக்க ஈர மண் ஒட்டிக் கிடந்தால் அழுகும். கீழே வேருக்கும் காற்று போகாது. இது வெளியே தெரிய சில வருஷம் ஆகும். உச்சியில் இலை சிறுக்கும், நுனிக்கொம்புகள் காயும், பிறகு ஒரு புயலில் வேரோடு சாயும். காற்று சாய்த்தது என்பார்கள். பாதி வேலையை நாம் கொட்டிய மண் முடித்திருக்கும்.

அதனால் இந்த மாதமே அடியைத் தோண்டி எடு. மண்வெட்டி வேண்டாம், பட்டை கிழியும். களைக்கொத்தி, மூங்கில் குச்சி, ஹோஸ் தண்ணீர் போதும். மரத்திலிருந்து இரண்டடி அகலத்துக்கு, வேர் பிரியும் இடம் தெரியும்வரை மண்ணை எடு, தெரிந்ததும் நிறுத்து. கட்டைவிரலை விடக் கனமான வேரை வெட்டாதே. அடிமரத்தைச் சுற்றி வளைத்து இறுக்கும் மெல்லிய வேர்களை மட்டும் கத்தரித்து விடலாம். இரண்டடிக்கு அப்பால் இருக்கும் மண்ணை ஒரே மூச்சில் எடுக்காதே, இத்தனை வருஷத்தில் அதற்குள்ளும் புது வேர் ஓடியிருக்கும். குழியின் ஓரத்தில் செங்கல்லைச் சாந்து பூசாமல் அடுக்கினால் மணல் சரியாது. மழைத் தண்ணீர் தேங்காமல் ஒரு பக்கம் வடிகால் விடு. பட்டை கறுத்து நாற்றம் அடித்தால் சுரண்டிச் சுத்தம் செய்கிறேன் என்று இறங்காதே. திறந்து விடு, காயட்டும்.

சிமெண்ட் விஷயம். வேர் எவ்வளவு தூரம் போகும் என்று கணக்கிட ஒரு கயிறு போதும். நெஞ்சு உயரத்தில் மரத்தைச் சுற்றி அள. அதைப் போல நாலு மடங்கு தூரம், அடிமரத்திலிருந்து நாலு பக்கமும், குறைந்தபட்சம் காக்க வேண்டிய வேர்ப்பரப்பு. ஆறடி சுற்றளவு என்றால் இருபத்து நாலு அடி. சமையலறைச் சுவர் வரை வந்துவிடும். தண்ணீர் உறிஞ்சும் வேர் பெரும்பாலும் மேல் இரண்டடிக்குள்தான் இருக்கிறது. தளம் போட்டால் அது மூச்சுத் திணறும். நடக்க வழி வேண்டுமென்றால் மணல்மேல் கற்களை இடைவெளி விட்டுப் பதித்துக்கொள். மற்ற இடத்தில் பெருக்கித் தள்ளும் சருகையே நாலு விரல் கனத்துக்குப் பரப்பு, அடிமரத்திலிருந்து அரை அடி தள்ளி. கழிவுநீர்க் குழாய்க்குப் பள்ளம் எடுப்பதும் இந்த எல்லைக்குள் வேண்டாம்.

இனி வெட்டுவது. மொட்டை அடித்த மரம் ஒரே வருஷத்தில் பச்சைப் பசேலென்று தழைக்கும். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். அந்தப் புதுக் கொம்புகள் கட்டைக்குள்ளிருந்து வந்தவை அல்ல, பட்டைக்குச் சற்றுக் கீழே ஒட்டிக்கொண்டு நிற்பவை. அவற்றுக்குக் கீழே வெட்டுவாய், அதாவது வெட்டுப்பட்ட இடம், அழுகிக்கொண்டே இருக்கும். நாலைந்து வருஷத்தில் கொம்பு கனத்ததும் காற்றில் பிய்ந்து விழும். உள்பக்கச் சிறுகொம்புகளை எல்லாம் கழித்துவிட்டு நுனியில் மட்டும் குஞ்சம் விடுவதும் தப்பு. பாரம் முழுக்க நுனிக்குப் போய்க் கிளை நடுவில் ஒடியும்.

செய்ய வேண்டியது குறைவுதான். காய்ந்த கிளை, பிளவுபட்ட கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, ஓட்டின்மேல் கவியும் கிளை. இத்தனை வயதான மரத்தில் பச்சையாக இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரு வருஷத்தில் எடுக்காதே. இலைதான் அதற்குச் சாப்பாடு. மாவில் புல்லுருவி பிடித்த கிளையை, அது ஒட்டிய இடத்துக்கு ஓரடி கீழே வெட்டு. அதன் பழத்தைக் குருவி தின்று பரப்புவதற்கு முன்னால் செய். காய் முடிந்த இந்தச் சமயமே மாவுக்குச் சரியானது. ஐப்பசியில் வெட்டினால் புதுத் தளிர் வந்து பூ போகும்.

வெட்டும் முறையை ஆளிடம் நீயே நின்று சொல். அரிவாள் கூடாது, ரம்பம்தான். அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, கிளையின் கீழ்ப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு அறுக்க வேண்டும். அதற்கு இரண்டு அங்குலம் வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை பட்டையை உரிக்காமல் விழும். கனத்த கிளையைக் கயிறு கட்டி இறக்கச் சொல். மிச்சக் கட்டையைக் கடைசியில் எடுக்க வேண்டும்: கிளை பிறக்கும் இடத்தில் வளையல் போல ஒரு தடிப்பு இருக்கும், அதைத் தொடாமல் அதற்கு வெளியே. அந்தத் தடிப்பிலிருந்துதான் மரம் காயத்தை மூடும். அடிமரத்தோடு வழித்து வெட்டினால் அது போய்விடும். நீளமாகக் கட்டையை மிச்சம் விட்டால் அது அழுகி, அழுகல் உள்ளே இறங்கும். “கூலி வேண்டாம், விறகை எடுத்துக்கொள்கிறேன்” என்று வருபவரிடம் விடாதே. அவர் கண் கனத்த கிளைமேல்தான் இருக்கும். மின்கம்பிக்குப் பக்கத்தில் இருப்பதை மின்வாரியத்தில் சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகே தொட வேண்டும்.

வெட்டுவாயில் பெயிண்டோ தாரோ பூசாதே, பொந்தில் சிமெண்ட் அடைக்காதே. ஈரம் உள்ளே மாட்டிக்கொள்ளும். மாமரத்தில் பெரிய வெட்டுக்கு மட்டும், பூஞ்சணம் பிடிக்காமலிருக்க, போர்டோ பசை. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம் அரை லிட்டர் தண்ணீரில், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம் அரை லிட்டரில், தனித்தனியாகக் கரை. பிளாஸ்டிக் வாளிதான், இரும்பு கூடாது. ஒன்றாகக் கலந்ததும் பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிஷம் முக்கி எடு. செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர். அன்றைக்கே பூசிவிடு.

பொந்து இருப்பதால் மட்டும் மரம் விழாது. சுற்றியுள்ள நல்ல கட்டை, மரத்தின் பாதி விட்டத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருந்தால் பெரும்பாலும் தாங்கும். பயப்பட வேண்டியவை வேறு: அடியில் தட்டுத் தட்டாக முளைக்கும் காளான், கவட்டையில் புதுப் பிளவு, புதிதாகச் சாய்வு, சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண்ணில் வெடிப்பு. கடைசி இரண்டும் சேர்ந்து கண்டால் அந்தப் பக்கம் யாரையும் படுக்க விடாதே. ஆள் கூப்பிட்டு உடனே மரத்தை வெட்டி இறக்கிவிடு. அந்த இடத்தில் என் பாசத்தைப் பார்க்க வேண்டாம்.

வாசல் வேம்பின் நுனிகள் மழைக்காலத்தில் கருகினால் பட்டுப்போனதாக நினைத்து வெட்டாதே. தேயிலைக் கொசு என்ற சாறு உறிஞ்சும் பூச்சியும் பூஞ்சணமும் சேர்ந்து செய்வது அது. பெரும்பாலும் பங்குனிக்குள் மறுபடி தழைத்துவிடும்.

கிணற்றடித் தென்னைகள் இரண்டுக்கும் கணக்கு வேறு. பச்சை மட்டையைக் கழிக்கவே கழிக்காதே. வெட்டுவாயின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். வெட்டியே ஆக வேண்டுமென்றால் மரத்திலிருந்து நாலடி விட்டு வெட்டு. தண்டில் ஓட்டையும் பழுப்புச் சாறும் மென்று துப்பிய நாரும் கண்டால் அது கூன்வண்டு. குருத்து விரியும்போது மட்டை விசிறி போல நறுக்குண்டு வந்தால் காண்டாமிருக வண்டு. அதைக் கம்பியால் குத்தி எடுத்துவிட்டு, வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம், உள் மட்டை மூன்றின் இடுக்கில் போடச் சொல். எருக்குழி மூடாமல் கிடந்தால் வண்டு அங்கேதான் பெருகும். அடித்தண்டில் செம்பழுப்பாகச் சாறு வடிந்தால் அது தஞ்சாவூர் வாடல் என்ற பூஞ்சண நோய். வருஷத்துக்கு ஐந்து கிலோ வேப்பம்பிண்ணாக்கு வை, அந்த மண்ணை மற்ற மரத்துக்குக் கொண்டுபோகாதே. உரம் ஆனி-ஆடியில் பாதி, மார்கழி-தையில் பாதி: வருஷத்துக்கு மொத்தம் தொழுவுரம் 50 கிலோ, யூரியா 1.3, சூப்பர் பாஸ்பேட் 2, பொட்டாஷ் 2 கிலோ, மரத்தைச் சுற்றி ஆறடி தூரம் வரை வட்டமாக.

2018 நவம்பர் 16 கஜா புயல் மாதிரி ஒன்று வந்து போனால், மறுநாளே நல்ல தண்ணீரில் இலைகளைக் கழுவு. உப்புக்காற்று அடித்த இலை ஓரத்திலிருந்து கருகும். கடல் நீர் ஏறினால் வடித்துவிட்டு, நல்ல தண்ணீரை நிறைய விட்டு மண்ணை அலசு. அந்த வருஷம் உரம் வேண்டாம். இலை கொட்டிய மரத்தைச் செத்ததாக எண்ணாதே. சிறுகொம்பை நகத்தால் கீறிப் பார். உள்ளே பச்சை இருந்தால் பங்குனிவரை காத்திரு. பூவரசும் புன்னையும் உப்பைத் தாங்கும், மா தாங்குவது குறைவு.

தோண்டி முடித்ததும் மாமரத்தின் அடியை நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்பு. அளவு தெரிய ஒரு செங்கல்லைப் பக்கத்தில் வை. பார்த்துவிட்டு எந்தக் கிளை என்று சொல்கிறேன். அதற்கு முன் ஆளுக்கு முன்பணம் கொடுக்காதே.

அன்புடன்,
அம்மா