கிரேடு 1 என்றால் பயமில்லை என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஈரலில் கொழுப்பு சேரும் ஃபேட்டி லிவர் பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். எளிமையாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் "அல்ட்ராசவுண்டில் கிரேடு 1 என்று வந்தால் பயப்பட ஒன்றுமில்லை" என்று ஒரு வரி இருக்கிறதே, அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. அதே பேச்சை நம்பித்தான் நாங்கள் என் அக்கா விஷயத்தில் ஏமாந்தோம்.

அக்காவுக்குச் சர்க்கரை பல வருடமாக உண்டு. முதல் ஸ்கேனில் கிரேடு 2 என்று போட்டிருந்தது. சில வருடம் கழித்து எடுத்ததில் கிரேடு 1. குறைந்துவிட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரும் அதையேதான் சொன்னார். அப்புறம் ஒருநாள் கால் வீங்கி, வயிற்றில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுதான் ஈரல் முழுக்கத் தழும்பேறிச் சுருங்கிப் போயிருந்தது தெரிந்தது. சிரோசிஸ். அந்தக் கட்டத்துக்குப் போகும்போது ஈரலில் இருக்கிற கொழுப்பு தானாகவே குறைந்துவிடுவதுண்டு என்று அப்போதுதான் எங்களுக்குச் சொன்னார்கள். நாங்கள் கொண்டாடிய கிரேடு 1 அதுதான்.

இந்த கிரேடு எதை வைத்துப் போடுகிறார்கள் என்பதை யாராவது முதலிலேயே சொல்லியிருக்கலாம். கூடவே போன ஒரு தடவை நான் பார்த்தேன். வயிற்றில் ஜெல்லைத் தடவி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, திரையில் ஈரலையும் வலது சிறுநீரகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவருகிறார்கள். கொழுப்பு சேர்ந்த ஈரல் சிறுநீரகத்தைவிட வெளுப்பாகத் தெரியும். லேசாக வெளுத்திருந்தால் 1, உள்ளே இருக்கும் ரத்தக்குழாய்களின் ஓரம் மங்கினால் 2, குழாயும் பின்னால் உள்ள உதரவிதானமும் கண்ணுக்கே தெரியாமல் போனால் 3. அவ்வளவுதான். கண்ணால் பார்த்துப் போடும் கணக்கு என்பதால் ஒரே ஈரலுக்கு ஒருவர் 1 என்பார், இன்னொருவர் 2 என்பார். ஈரலில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்பு இருந்தாலே அது ஃபேட்டி லிவர்தான், ஆனால் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அல்ட்ராசவுண்ட் பல நேரம் கோட்டைவிட்டுவிடும், உடம்பு பருமனாக இருந்தால் இன்னும் மோசம். இதெல்லாம்கூடப் போகட்டும். கொழுப்பு எவ்வளவு என்று சொல்கிற அந்த எண், தழும்பு எவ்வளவு என்று சொல்வதே இல்லை. ஈரலைக் கெடுப்பது எது, உயிருக்கு ஆபத்து எதனால் என்று பார்த்தால் தழும்புதான் முக்கியம்.

சிடி ஸ்கேனிலும் ஈரல் கொழுப்பு தெரியும், ஆனால் கதிர்வீச்சு உண்டு, இதற்கென்றே யாரும் எடுக்க வேண்டியதில்லை. கொழுப்பை மிகச் சரியாக, சதவீதமாகவே அளந்து சொல்வது எம்ஆர்ஐ. செலவு அதிகம், எல்லோருக்கும் அது தேவையும் இல்லை.

உங்கள் கட்டுரை விட்டுவிட்டது, ஈரலில் தழும்பு இருக்கிறதா என்று பார்க்கும் ஃபைப்ரோஸ்கேனை. மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் போக வேண்டும், சாப்பிட்டுவிட்டுப் போனால் அளவு கூடுதலாகக் காட்டும். வலது கையைத் தலைக்கு மேல் வைத்துப் படுக்கவைத்து, விலா எலும்புகளுக்கு நடுவே கருவியை வைத்து அழுத்துகிறார்கள். விரலால் சுண்டினது மாதிரி ஒரு தட்டு, அதே இடத்தில் குறைந்தது பத்து தடவை. வலியெல்லாம் இல்லை. அந்தத் தட்டில் கிளம்பும் அதிர்வு ஈரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்த்து ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதைக் கிலோபாஸ்கல் கணக்கில் சொல்கிறது, கூடவே கொழுப்புக்கும் தனியாக ஓர் அளவு தருகிறது. 8-க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஈரலில் வீக்கம் இருந்தாலும் எண் ஏறும் என்பதால் டாக்டர்தான் சேர்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அதற்கும் முன்னால், தழும்புக்கு வாய்ப்பு உண்டா என்று பார்க்கக் காசில்லாமல் ஒரு கணக்கு இருக்கிறது, ஃபிப்-4 என்று பெயர். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்பவை ரத்தப் பரிசோதனையில் வரும் ஈரல் நொதிகளின் அளவுகள். வயதை எஸ்ஜிஓடி அளவால் பெருக்க வேண்டும். பிளேட்லெட் எண்ணிக்கையை ஆயிரத்தில் எடுத்து (1,60,000 என்றால் 160) எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் விடை. 1.3-க்குக் கீழே வந்தால் பெரும்பாலும் கவலையில்லை, 2.67-ஐத் தாண்டினால் கல்லீரல் மருத்துவரிடம் போக வேண்டும், நடுவில் நின்றால் ஃபைப்ரோஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது. 65 வயதுக்கு மேல் 1.3-க்குப் பதில் 2 என்று வைத்துக்கொள்கிறார்கள்.

அக்காவின் பழைய ஃபைலை எடுத்துவைத்து ராத்திரி உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். கிரேடு 1 என்று வந்த அந்த வருடம் வயது 58, எஸ்ஜிஓடி 48, எஸ்ஜிபிடி 36, பிளேட்லெட் 1,60,000. விடை 2.9. எஸ்ஜிபிடி நார்மல், பிளேட்லெட்டும் நார்மல் எல்லைக்குள்தான் இருந்தது, அதனால் யாரும் அதன் கீழே கோடு போடவில்லை. நான்கு எண்ணும் ஒரே கவரில், ஸ்கேன் ரிப்போர்ட்டோடு சேர்த்துத்தான் இருந்தன. சேர்த்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

ஃபேட்டி லிவர் உள்ள எல்லோருக்கும் இப்படி ஆகிவிடாது, பெரும்பாலானவர்களுக்கு இந்த அளவுக்குப் போவதே இல்லை. உடல் எடையில் பத்து சதவீதம் குறைத்தால் தழும்புகூடக் கரைய வாய்ப்பு உண்டு. அதைச் செய்ய நேரம் இருக்கும்போதே தெரிய வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஸ்கேன் சென்டர்கள் ரிப்போர்ட்டில் கிரேடுக்குக் கீழே "இது கொழுப்பின் அளவு மட்டுமே, தழும்பு பற்றியது அல்ல" என்று ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும், யாருக்கும் நஷ்டமில்லை. நீங்களும் அந்த வரியைத் திருத்தி, ஃபிப்-4 கணக்கை ஒரு சின்னக் கட்டத்துக்குள் போடுங்கள், சர்க்கரை உள்ளவர்கள் வெட்டி ஃபைலில் ஒட்டிவைத்துக்கொள்ளும்படி.

அக்காவுக்கு இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே அல்ட்ராசவுண்ட் எடுக்கிறோம். ஈரலில் கட்டி ஏதாவது வருகிறதா என்று பார்க்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி