நாங்கள் அறியாத அட்டைகளா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், புதுச்சேரியில் நடைபெறும் ஃபோனிக்ஸ் வகுப்பு ஒன்றைப் பற்றித் தாங்கள் வெளியிட்டிருந்த கட்டுரையை முழுவதும் படித்தேன். எழுத்து அட்டைகளைக் காட்டி, ஒலியின் வழியே குழந்தைகளை வாசிக்கப் பழக்குவது நல்ல முறை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கட்டுரையின் நடுவே ‘அரசுப் பள்ளிக் குழந்தைகள் பார்த்தே இராத அட்டைகள்’ என்று ஒரு வரி இருந்தது. கடலூர் மாவட்டத் தொடக்கப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் பணியாற்றி, அதில் பெரும்பகுதியை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுடனேயே கழித்தவள் நான். அந்த வரியைப் படித்த பின் அன்று முழுவதும் எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை.

2007ஆம் ஆண்டில் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதும் வந்ததைத் தாங்கள் அறிவீர்கள். பாடப் படிகளை வரிசையாகக் காட்டும் கற்றல் ஏணி சுவரில் இருக்கும். பிள்ளைகள் தங்களுக்குரிய அட்டையைத் தாங்களே தட்டிலிருந்து எடுத்து வந்து பாயில் அமர்ந்து படிப்பார்கள். அப்போது தங்கள் நாளிதழில், அட்டையைக் கையில் கொடுத்துவிட்டு ஆசிரியர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எழுதினீர்கள். நான் அனுப்பிய மறுப்புக் கடிதம் வெளிவரவில்லை. அன்று எங்கள் கையில் இருந்தபோது குறையாகத் தெரிந்த அட்டை, இன்று கட்டணம் வாங்கும் வகுப்பில் புதுமையாகத் தெரிவது ஏன் என்று தங்களைக் கேட்க எனக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் அடித்தபோது, எங்கள் பள்ளியின் ஓடுகள் பறந்து, அட்டைகள் எல்லாம் மழையில் ஊறிக் கூழாகிவிட்டன. புது அட்டை வரும்வரை பிள்ளைகளைக் காக்க வைக்க மனம் வரவில்லை. மின்சாரம் வராத அந்த இரவுகளில் நானும் என் கணவரும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் புடவைப் பெட்டிகளையும் பழைய கல்யாணப் பத்திரிகைகளையும் வெட்டி, மார்க்கர் பேனாவால் எழுத்துகளை எழுதினோம். அட்டையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதியை அந்த ஆண்டுதான் கற்றுக்கொண்டேன்.

‘மீ’ என்று எழுதி அருகில் மீன் படம் வரைந்திருந்தேன். கடலோரத் தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவன் அதைப் பார்த்தவுடன் ‘சங்கரா’ என்றான். பக்கத்தில் இருந்தவன் ‘இல்லடா, வஞ்சிரம்’ என்றான். எழுத்தை ஒருவரும் பார்க்கவில்லை. மறுநாளே படத்தை அட்டையின் பின்புறத்துக்கு மாற்றினேன். வாசித்த பிறகு திருப்பிச் சரிபார்க்க மட்டுமே படம். இன்னொரு சிறுமி ‘ழ’வை ஒருமுறையும் தவறாமல் சொல்லி வந்தாள். அட்டையின் மூலையில் இருந்த மஞ்சள் கறையை வைத்தே அவள் சொல்கிறாள் என்பது, அதே எழுத்தை வேறு அட்டையில் எழுதிக் காட்டியபோதுதான் தெரிந்தது. அன்று முதல் ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு அட்டைகள் வைத்தேன். ‘கெ’ என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. இங்கேதான் குழந்தை தடுமாறும். அதனால் கொம்பையும் காலையும் தனி அட்டைகளாக வெட்டி, க, ச, ட, ப என ஒவ்வொன்றோடும் பிள்ளைகளே சேர்த்துப் பார்க்கும்படி செய்தேன். கு, சு, டு, து ஆகியவை வேறுவேறு உருவம் கொள்வதால், அந்த வரிசைக்கு மட்டும் தனித்தனி அட்டைகள் எழுத வேண்டியிருந்தது.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் வசிக்கும் என் பேத்தியும் இத்தகைய வகுப்பு ஒன்றுக்குத்தான் செல்கிறாள். வளையத்தில் கோத்த வண்ண அட்டைகள் அவளிடம் நிறைய இருக்கின்றன. ஆங்கிலத்தில் ‘பேட்’ என்ற சொல்லின் மூன்று எழுத்துகளையும் காட்டினால், ‘ப, ஏ, ட’ என்கிறாள். சேர்த்துச் சொல் என்றால் ‘பஏட’ என்று சொல்லி நின்றுவிடுகிறாள். மெய்யொலியோடு ஓர் அகரத்தையும் ஒட்டிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ‘ப’ வேறு, ‘ப்’ வேறு என்று புள்ளி வைத்துப் பிரித்த மொழியில் பிறந்த குழந்தைக்கு இது வர வேண்டிய சிக்கலே அன்று. உதட்டை மூடித் திறந்து ‘ப்’ என்று மட்டும் சொல்லக் காட்டினேன். இரண்டே மாலைகளில் சேர்த்துப் படித்தாள். ஆங்கிலத்தின் 26 எழுத்துகள் ஏறத்தாழ 44 ஒலிகளைத் தாங்குகின்றன. எஸ், எச் இரண்டும் சேர்ந்து ‘ஷ்’ என்று ஒலிக்கும் இடத்தில், அவற்றை ஒரே அட்டையில் எழுதினால்தான் அந்த ஒலி பிள்ளைக்குப் பிடிபடும். அட்டை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், காட்டுபவரின் வாய் சரியாக ஒலிக்காவிட்டால் குழந்தை திணறத்தான் செய்யும். அதற்கான பயிற்சி, தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்பையும் கணக்கையும் கற்பிக்க 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்த பிறகு அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்து அட்டைகளோடு பாடம் நடத்தும் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குத் தரப்படுகிறது. கட்டுரை எழுதியவர் நம் ஊர்ப் பள்ளி ஒன்றுக்குள் அரை மணி நேரம் சென்று பார்த்திருந்தால், அந்த வரியை எழுத அவருக்கே மனம் வந்திருக்காது.

தங்களிடம் நான் வேண்டுவது இரண்டுதான். அந்த வரி தவறு என்று அடுத்த இணைப்பில் ஒரு சிறு திருத்தம் வெளியிட வேண்டும். மற்றது, தங்கள் சிறுவர் பக்கத்தில் முன்பு எழுத்து அட்டைகளை வெளியிட்டபோது தாளின் இருபுறமும் அச்சிட்டிருந்தீர்கள். ‘ம’வை வெட்டினால் பின்புறம் இருந்த ‘ர’ பாதியாகிப் போனது. அந்த வாரம் என் வகுப்புப் பிள்ளைகள் பட்ட ஏமாற்றத்தை நான் மறக்கவில்லை. மாதம் ஒரு முறையாவது எட்டு எழுத்துகளை, படம் இல்லாமல், உள்ளங்கை அளவில், ஒரு புறம் மட்டும் அச்சிட்டுத் தாருங்கள். பின்புறம் விளம்பரம் இருந்தாலும் பாதகமில்லை. மாதிரிக்கு வேண்டுமானால், மீதமிருக்கும் என் புடவைப் பெட்டி அட்டைகளைத் தங்கள் கடலூர் அலுவலகத்தில் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இடைநிலை ஆசிரியை,
மஞ்சக்குப்பம், கடலூர்.