பலகாரம் சாப்பாட்டில் சேராது

கானாடுகாத்தான்
ஞாயிறு மாலை

அன்பு மகளுக்கு ஆத்தா எழுதுவது. நானும் அப்பச்சியும் சுகம். மத்தியானம் பிடித்த மழை இன்னும் விடவில்லை. அப்பச்சி வளவில் கிடாரத்தை வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

நேற்று நீ போனில் சொன்னதுதான் ராத்திரி முழுக்க மனதில் ஓடியது. ஆஸ்பத்திரியில் மூன்று இன்டர்ன் பிள்ளைகளை உன் தலையில் கட்டிவிட்டு, வார்டு வேலையில் ஒரு படுக்கையைக்கூடக் குறைக்கவில்லை. நல்ல டயட்டீஷியன் என்றால் சொல்லிக்கொடுக்கவும் தெரியும் என்ற நினைப்பு. உன் அப்பத்தாவிடம் அரிசி கழுநீரில் வைக்கும் மண்டிக்கு உப்பு எவ்வளவு என்று கேட்டால் "கை சொல்லும்" என்பார்கள். அந்தக் கை எனக்கு வர ஆறு வருஷம் ஆனது.

நானும் டயட்டீஷியன் வேலையில் இருந்தபோது செய்த ஒன்றை உன்னிடம் சொன்னதே இல்லை. டயாலிசிஸுக்கு வரும் ஒருவர், 60 கிலோ இருப்பார். என்னிடம் பயிற்சிக்கு வந்த பெண் அவருக்குப் புரதம் 40 கிராம் என்று சார்ட்டில் எழுதிவிட்டாள். டயாலிசிஸ் தொடங்கும்வரைதான் குறைப்போம், தொடங்கிய பிறகு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும், அவருக்கு 60 முதல் 72. நோயாளி முன்னாலேயே அவளைக் கடிந்துகொண்டேன். அதற்குப் பிறகு இருந்த நாலு மாதமும் அவள் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. என் பழைய சார்ட்டுகளைப் பார்த்து எழுதினாள், நானும் கையெழுத்துப் போட்டேன். "ஏன் 40?" என்று நான் அவளை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் டயாலிசிஸுக்கு முந்தைய கணக்கைப் போட்டிருக்கிறாள் என்பது அப்போதே தெரிந்திருக்கும்.

பிறகு கொஞ்சம் புத்தி வந்தது. தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி வந்தார்கள், சர்க்கரை 280. முந்தின நாள் சாப்பாட்டை வேறொரு பிள்ளை கேட்டு எழுதினாள்: காலையில் ரெண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டி சோறு, ராத்திரி ரெண்டு இட்லி. எனக்குப் புரிந்துவிட்டது, ஆனால் வாயைத் திறக்கவில்லை. வராந்தாவுக்குக் கூட்டிப்போய், "இந்தக் கணக்கு உனக்குச் சரியாகப் படுகிறதா?" என்று மட்டும் கேட்டேன். தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எதையோ விட்டுட்டேன் மேடம்" என்று திரும்பிப் போய், காப்பிக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். இனிப்புக் கும்மாயம் ஒரு கிண்ணம், வெள்ளைப் பணியாரம் நாலு! நம் ஊரில் பலகாரம் சாப்பாட்டில் சேராது என்பதை அந்தப் பிள்ளை இனி மறக்கவே மாட்டாள்.

1992-இல் அமெரிக்கக் குடும்ப மருத்துவத் துறையினர் சிலர் இதை ஐந்து படி முறையாக எழுதியிருக்கிறார்கள், ஒரு நிமிட முறை என்றும் சொல்வார்கள். முதலில் மாணவர் முடிவைச் சொல்ல வேண்டும், ஏன் என்றும் சொல்ல வேண்டும். பிறகுதான் நாம் ஒரு பொது விதியைச் சொல்லி, சரியாகச் செய்ததை இன்னதென்று பாராட்டி, தவறைத் திருத்துவது. நம்மவர்கள் கடைசிப் படியில்தான் ஆரம்பிப்போம்.

சரி, உன் பக்கத்தையும் பார். டாக்டர், நர்ஸ் அல்லாத மற்ற மருத்துவப் பணியாளர்களுக்கு 2021-இல் தனிச் சட்டம் வந்து, டயட்டீஷியனையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள், நல்லதுதான். ஆனால் வார்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் உனக்கு யார் சொல்லிக்கொடுப்பது? கேட்டு வாங்கு. பயிற்சி வகுப்பு எங்கே நடந்தாலும் அனுப்பச் சொல். வாரம் அரை மணி நேரம் ரவுண்ட்ஸ் இல்லாமல் அவர்களோடு உட்கார வேண்டும், அதை டூட்டி சார்ட்டிலேயே போடச் சொல், வாய்ப்பேச்சாக விட்டால் நடக்காது. நீ பிள்ளைகளிடம் பேசும்போது உன் சீனியர் ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, பிறகு உனக்கு மட்டும் சொல்லட்டும். எனக்கு அப்படி ஒருவர் இருந்திருந்தால் அந்த டயாலிசிஸ் பெண் விஷயம் நடந்திருக்காது.

ஒருத்தி சரியாக வரவில்லை என்றாயே, அதை லாக் புக்கில் கடைசி நாள் எழுதாதே. இந்த வாரமே தனியாக உட்காரவைத்துச் சொல். அவள் காலேஜ் மேடத்துக்கும் ஒரு போன் போடு. அவர்களுக்கும் பொறுப்பு உண்டு, எல்லாவற்றையும் நீயே சுமக்காதே.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் சீப்புச் சீடை ஒரு டப்பா அனுப்புகிறேன். மூன்று பேருக்கும் கொடு. கவுனி அரிசி தனிப் பையில் இருக்கும், ராத்திரியே ஊறப் போட்டுவிடு. போன தடவை மாதிரி அவசரப்பட்டு வேகவில்லை என்று என்னிடம் சண்டைக்கு வராதே.

ஆத்தா