கொச்சியில அந்த ஒரு சனிக்கிழமைக்கு நன்றி

ஃபோர்ட் கொச்சில துணி துவைக்கற தோபி கானா அக்காங்களுக்கும், மட்டாஞ்சேரில நாங்க தங்கின ஹோட்டல் கிச்சன் சேட்டன்மாருக்கும், எங்க வேன் ஓட்டின பொள்ளாச்சி தம்பிக்கும், பேர் கூட கேக்காம விட்டுட்ட இன்னும் நிறைய பேருக்கும் இது. நேர்ல சொல்ல நேரமே கிடைக்கல, ஞாயித்துக்கிழமை விடிகாலையிலயே குரூப்போட ஆலப்புழைக்கு கெளம்பிட்டோம்.

தெரியாதவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடறேன். ஜனவரில இஸ்ரேல்ல இருந்து வந்த 24 பேர் யூத குரூப்ப கேரளா கூட்டிட்டு போனேன். டூர் வேலைல 11 வருஷம் இருக்கேன், ஆனா சபாத், அதாவது யூதர்களோட வாராந்திர ஓய்வு நாள், கடைப்பிடிக்கற குரூப் எனக்கு இதுதான் மொதல் தடவை. வெள்ளிக்கிழமை பொழுது சாயறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சு சனிக்கிழமை ராத்திரி நட்சத்திரம் தெரியற வரைக்கும் அடுப்பு பத்த வைக்க மாட்டாங்க, ஸ்விட்ச் தொட மாட்டாங்க, வண்டி ஏற மாட்டாங்க, தெருவுல ஒரு தண்ணி பாட்டில் கூட தூக்கிட்டு போக மாட்டாங்க, நம்மகிட்ட இத செஞ்சு குடுங்கன்னு நேரா கேக்கவும் மாட்டாங்க. அதனால எதுவா இருந்தாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள்ள முடிச்சாகணும்.

அந்த வெள்ளிக்கிழமைன்னு பாத்து அவங்க கோஷர் சாப்பாடு, அதாவது யூத மத விதிப்படி செஞ்ச சாப்பாடு, வச்சிருந்த மூணு பெட்டி ஃப்ளைட்ல வந்து சேரல. காலையில பத்து மணி. எனக்கு கை கால் ஓடல. குரூப்ல இருந்த ரப்பி, அவங்க மத குரு, ரொம்ப நிதானமா, புதுப் பாத்திரம் வாங்கித் தந்தா நாங்களே சமைச்சுக்கறோம்னு சொன்னார். பாத்திரக் கடைக்காரர் சேட்டா, நீங்க அந்த அவசரத்துலயும் ஒவ்வொரு பாத்திரமா எடுத்து காட்டுனீங்க. புதுசா வாங்கின உலோகப் பாத்திரத்த மொதல்ல இயற்கைத் தண்ணில முக்கணுமாம், கடல் அதுக்கு சரியாம், ஆனா பாத்திரத்துல ஒரு சின்ன ஸ்டிக்கர் கூட ஒட்டியிருக்கக் கூடாது. நம்ம டிரைவர் தம்பி வேன் படியில உக்காந்து தேங்காய் எண்ணெய் தடவி, நகத்தால ஒவ்வொரு விலைச் சீட்டா சொரண்டி எடுத்தான். அப்புறம் பேண்ட்ட மடிச்சு விட்டுட்டு சீன மீன் வலை பக்கத்துல முழங்கால் தண்ணில நின்னு குண்டா, தவா, கரண்டின்னு வாங்கி வாங்கி குடுத்தான். அவன் வேலை வண்டி ஓட்டறது மட்டும்தான். தம்பி, இத நான் மறக்கவே மாட்டேன்.

மீன் வித்த சேச்சிக்கு தனியா சொல்லணும். துடுப்பும் செதிலும் இருக்கற மீன் மட்டும்தான் அவங்க சாப்பிடுவாங்க, செதில் கண்ணுல படணும், அதனால கரிமீன சொரண்டாம முழுசா குடுங்கன்னு கேட்டோம். குரூப்ல ஒரு பாட்டி, எறணாகுளத்துல பொறந்து 1954ல எட்டு வயசுல இஸ்ரேல் போனவங்க, சேச்சிகிட்ட மலையாளத்துல பேச ஆரம்பிச்சாங்க. வார்த்தை தட்டுத் தடுமாறித்தான் வந்துச்சு. சேச்சி கத்திய கீழ வச்சுட்டு அவங்க கைய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டாங்க, பின்னாடி நின்ன ஆளுங்க ஒருத்தர் கூட சீக்கிரம் ஆகட்டும்னு சொல்லல.

கிச்சன்ல ஒரு மூலையையே காலி பண்ணி குடுத்தீங்க. ரப்பி அடுப்பு பத்த வச்சார், அம்மாக்கள் சோறு, மீன் குழம்பு, தவாவுல தடிமனா ரொட்டி எல்லாம் செஞ்சாங்க. மறுநாள் மத்தியானம் வரைக்கும் சாப்பாடு சூடா இருக்க சின்ன தீ மேல ஒரு தகட போட்டு அதுக்கு மேல பாத்திரத்த வச்சாங்க. கேஸ் எரியுதேன்னு வாட்ச்மேன் சேட்டன் ராத்திரி பூரா அங்கயே நாற்காலி போட்டு உக்காந்திருந்தார். யாரும் அவர்கிட்ட சொல்லல. மேனேஜர் சார், கரண்ட்ல வேலை செய்யற கார்டு சாவிய அவங்க தொட மாட்டாங்கன்னு அந்த ரூம எல்லாம் மாத்தி கீழ் மாடில இரும்புச் சாவி ரூமா குடுத்ததுக்கும் நன்றி.

தோபி கானா அக்கா, தமிழ்ல எழுதறதே உங்களுக்காகத்தான். எத்தனையோ தலைமுறையா அங்க இருந்தும் நம்ம தமிழ விடாம பேசறீங்க. மேஜை விரிப்பும் அவங்க வெள்ளைச் சட்டையும் மூணு மணிக்குள்ள வேணும்னு கேட்டப்ப முடியாதுன்னு நீங்க சொல்லியிருக்கலாம். கஞ்சி போட்டு, முறுக்கின கயித்துக்குள்ள சொருகி காய வச்சு, தேச்சு ரெண்டரைக்கே குடுத்துட்டீங்க. அந்த விரிப்பு மேலதான் மெழுகுவர்த்தி ஏத்தினாங்க.

ஜெபப் புத்தகம், தண்ணி கேன் எல்லாத்தயும் ஆட்டோ சேட்டன் முன்னாடியே கொண்டு போய் மட்டாஞ்சேரி யூத ஜெபக்கூடமான பரதேசி சினகாக்ல எறக்கி வச்சிட்டார், அதனால எல்லாரும் வெறுங்கைய வீசிட்டு நடந்து போனோம். 1568ல கட்டினது. செருப்ப வெளிய விட்டுட்டு அந்த நீல வெள்ளை சீன ஓடு மேல வெறுங்காலோட நின்னப்ப நம்ம ஊர் கோயில் ஞாபகம் வந்துச்சு. பத்து ஆம்பளைங்க சேந்தாத்தான் முழு ஜெபம் நடக்கும், கொச்சி யூதர்கள் பெரும்பாலும் 1950கள்லயே இஸ்ரேல் போயிட்டாங்க, இப்ப வெளியூர்ல இருந்து ஆள் வந்தாத்தான் உண்டு. அன்னிக்கு பதிமூணு ஆம்பளைங்க இருந்தாங்க. பாட்டி கடைசி வரைக்கும் அழுதுட்டே இருந்தாங்க.

சனிக்கிழமை ராத்திரி சபாத் முடிக்கறப்ப வாசனைப் பொருள மோந்து பாக்கற சடங்கு உண்டு. மட்டாஞ்சேரி மசாலாக் கடைக்காரர் காசு வாங்காம குடுத்த கிராம்பும் ஏலக்காயும்தான் அதுக்கு. வட்டமா கைமாறி வந்தத பாட்டி வாட்ச்மேன் சேட்டன்கிட்டயும் நீட்டினாங்க.

அந்தப் பாத்திரம் எல்லாம் கிச்சன்லதான் இருக்கு. வேற யாரும் எடுத்துடக் கூடாதுன்னு குக் சேட்டன் வெள்ளைத் துணில மூட்டை கட்டி மேல் ஷெல்ஃப்ல வச்சிருக்கார், நேத்து போட்டோ அனுப்பினார். ரப்பி நவம்பர்ல மறுபடி வர்றாராம்.