வியர்க்கும் வேகத்தையும் அளக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வியர்வையில் உள்ள சோடியம் (உப்பின் ஒரு கூறு), சர்க்கரை ஆகியவற்றின் அளவைக் கொண்டு உடல்நிலையைக் கண்காணிக்கும், தோலில் ஒட்டும் பட்டையைச் சென்னைக் கல்லூரி மாணவர்கள் உருவாக்கிவருவது பற்றிய செய்தியைப் படித்தேன். வெயிலில் உழைப்பவர்களுக்குப் பெரிதும் உதவக்கூடிய முயற்சி, மனமார வரவேற்கிறேன். ஆனால் சோடியம் அளவை மட்டும் வைத்து நீரிழப்பைக் கணிக்க முடியாது. வியர்வைச் சுரப்பியின் நாளம் சோடியத்தில் ஒரு பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. வியர்வை வேகமாகச் சுரந்தால் அதற்கு அவகாசம் இல்லை. வெளிவரும் உப்பு மிகும். சர்க்கரையை அளப்பது இன்னும் கடினம். இரத்தத்தில் உள்ளதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான் வியர்வையில் இருக்கிறது. விரலில் ஒட்டிய பழச்சாறே கணக்கைக் கெடுத்துவிடும்.

இத்தகைய பட்டைகளில் வியர்வையைத் தொட்டு அளக்கும் மின்முனைகளை ஆய்வகத்தில் சோதிக்கும்போது அடிக்கடி காண்பது, தோலில் முன்பே காய்ந்திருந்த உப்பு தொடக்க அளவீட்டை உயர்த்திவிடுவதுதான். எனவே பட்டையை ஒட்டுமுன் தோலை அயனி நீக்கிய (உப்புகள் அகற்றப்பட்ட) நீரால் துடைத்து உலர்த்த வேண்டும். முதலில் சுரக்கும் வியர்வையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. 10, 20, 50, 100 மில்லிமோலார் (செறிவின் அலகு) சோடியம் குளோரைடு, அதாவது சாதாரண உப்புக் கரைசல்களில், தோலின் வெப்பநிலையை ஒட்டி 32 முதல் 35 டிகிரி செல்சியஸில், அளவுத்திருத்தம் செய்வது, அதாவது அளவு தெரிந்த கரைசலுடன் ஒப்பிட்டுக் கருவியைச் சரிசெய்வது, நல்லது. மாணவர் திட்டங்களுக்கு நிதி ஒதுக்கும் கல்லூரிகள், வியர்க்கும் வேகத்தை அளக்கும் நுண்கால்வாயும் (வியர்வை ஓடும் மிக மெல்லிய தடம்) இரத்தப் பரிசோதனையுடன் ஒப்பீடும் திட்டத்தில் இடம்பெற வேண்டும் என நிபந்தனை விதிக்கலாம்.

– ஒரு வாசகர், தரமணி, சென்னை