சரக்கு கொடுத்தவர்களின் பணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெருநிறுவனங்களின் எழுச்சியும் வீழ்ச்சியும் பற்றிய தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். வங்கிகளும் பங்குதாரர்களும் இழந்ததை விரிவாகச் சொன்ன அது, சரக்கைக் கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருந்த சிறு தொழில்காரர்களை ஒரே வரியில் கடந்துவிட்டது. பலமாக அடிபடுவது அவர்கள்தான். 2018 ஜனவரியில் பிரிட்டனின் காரில்லியன் கட்டுமான நிறுவனம் திவாலானபோது, சுமார் 30,000 சப்ளையர்களுக்கும் துணை ஒப்பந்ததாரர்களுக்கும் அது வைத்திருந்த பாக்கி ஏறக்குறைய 200 கோடி பவுண்டு. பில் கொடுத்து 120 நாள் கழித்துப் பணம் என்பது அதன் நிபந்தனை. அதாவது, சிறியவர்களின் பணத்தில்தான் அந்தப் பெரிய நிறுவனம் ஓடிக்கொண்டிருந்தது.

நானும் ஒரு பெரிய நிறுவனத்துக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுத்தவன். எனக்கு மூன்று பில் பாக்கி இருந்தபோது அது மூடப்பட்டது. கடன் வரிசையில் வங்கிகளுக்கு அப்புறம்தான் நாங்கள். கடைசிவரை ஒரு காசும் வரவில்லை. வேலை செய்தவர்களுக்குச் சேமிப்பை எடுத்துத்தான் கூலி கொடுத்தேன். ஆகவே, சப்ளையர்களுக்கு 30 நாளுக்குள் பணம் தராத நிறுவனங்களுக்கு அரசு ஒப்பந்தம் வழங்கக் கூடாது. துணை ஒப்பந்ததாரர்களுக்குரிய தொகையை, நிறுவனம் தொட முடியாத தனிக் கணக்கில் வைக்கவும் சட்டம் கொண்டுவர வேண்டும்.